மூடுபனியில் என் பின்னால் நடந்தவர்

என் தங்கச்சி புருஷனை ஒரு குளிர்காலக் காலையில் நடுரோட்டில் தொலைத்துவிட்டு நின்றவன் நான். கூப்பிட்டால் பதில் இல்லை. கையை நீட்டினால் கை தெரியவில்லை. அவன் தலையில் இருந்த ஹெல்மெட் மட்டும் என் காலடியில் கிடந்தது. உள்ளே ரத்தம்.

கருப்பரை நம்பிக் கடல் கடந்து போய்ப் பிழைக்கிற என் சொந்தங்களுக்கு இதை எழுதுகிறேன். சிவகங்கைப் பக்கம் என் ஊர், பெயர் சேவுகன். பேசச் சொன்னால் ஊர்க்கதை எல்லாம் பேசுவேன். இந்த ஒன்றை மட்டும் இத்தனை வருஷம் ஊருக்குள் வாய் திறந்து சொன்னதில்லை. சொல்ல எடுத்தாலே முதுகு சில்லிட்டுப் போகும். சாமி செய்ததைச் சொல்லாமல் வைத்திருப்பதும் தப்பு என்று என் தங்கச்சிதான் பிடித்து உட்கார வைத்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்களில் அபுதாபியின் மேற்குப் பக்கம், லீவாவுக்குப் போகிற பாதையில் இருந்து எண்ணெய்க் கிணறுகளுக்குப் பிரியும் ரோட்டில் எனக்கு வேலை. ரோடு மெயின்டெனன்ஸ் கம்பெனி ஒன்றில் ஷவல் ஆபரேட்டர். நம் ஊரில் லோடர் என்போமே, அதைத்தான் அங்கே ஷவல் என்பார்கள். குளிர்காலம் முழுக்க ரோட்டின் மேல் ஏறும் மணலைத் தள்ளுவதுதான் டியூட்டி.

பாலைவனத்தில் ஏதுடா குளிர்காலம் என்று ஊரில் சிரிப்பார்கள். வந்து நின்று பார்த்தவன் சிரிக்க மாட்டான். மார்கழி, தை மாதங்களில் வடமேற்கில் இருந்து காற்று கிளம்பும். அது அடித்து ஓய்ந்தால் ரோடு இருந்த இடம் தெரியாது, மணல் குறுக்கே படுத்திருக்கும். வேகமாக வருகிற கார் அதில் ஏறினால் ஸ்டியரிங் கைக்குள் நிற்காது. ஒரு சீசன் அந்த ரோட்டில் ஓடிய வண்டிக்கு முன்கண்ணாடி முழுக்கப் பொரிந்துபோய், எதிரே வெளிச்சம் பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். பெயின்ட் உரிந்து தகரம் பல்லைக் காட்டும். ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் கை நிறைய மண் வரும். டிரைவர்கள் கண் எந்நேரமும் சிவந்தே இருக்கும். இது போதாது என்று, காற்று நின்ற மறுநாள் பனி இறங்கும். ஈர மணலும் தாரில் படிந்த எண்ணெயும் சேர்ந்தால் பிரேக் போட்டுப் புண்ணியம் இல்லை.

எனக்கு அங்கே கூட்டாளி பாண்டி. சொந்த அத்தை மகன். சின்ன வயதில் இருந்தே வாடா போடா என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு என் தங்கச்சி லட்சுமியைக் கட்டி மாப்பிள்ளை ஆனான். நான்தான் விசா எடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். கிளம்பும்போது லட்சுமி அழவில்லை. "அண்ணே, உன்னை நம்பித்தான் அனுப்புறேன்" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால்கூட மறந்திருப்பேன். அந்த ஒரு சொல் கேம்ப் ரூமில் என் கட்டிலுக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

பாண்டிக்குப் பக்தி அதிகம். வெள்ளிக்கிழமை லீவில் குளித்துவிட்டு ரூமில் கருப்பர் படத்துக்குச் சூடம் காட்டுவான். நான் நாக்கு நீண்டவன். "அவருக்குப் பாஸ்போர்ட் உண்டாடா மாப்ள? விசா குடுத்த கஃபீல் யாரு?" என்று சீண்டுவேன். அவன் கோபப்பட மாட்டான். "கேலி பண்ணுங்க மச்சான், அவரு கணக்குல வச்சுக்குவாரு" என்பான். என் நெற்றியிலும் விபூதியைப் பூசிவிட்டுப் போவான். ஒரு பொட்டலம் விபூதியை என் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான், எடுத்து வைக்கப் போனால் விடமாட்டான்.

வேலையில் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. நான் ஷவலில் இருந்து மணலைத் தள்ளுவேன். வண்டிகள் வரும் பக்கம் கூப்பிடு தூரத்தில் பாண்டி பிக்கப்பை நிறுத்தி, கோன் வைத்து, சிவப்புக் கொடியோடு நிற்பான். மூடுபனி இறங்கினால் நான் விட்டு விட்டு ஹாரன் அடிப்பேன். அவன் பிக்கப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். ஷவலை ரோட்டை விட்டு இறக்கி, தள்ளியிருக்கும் கெட்டித் தரையில் நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே உட்கார்ந்துவிடுவோம். பனி விலகும்வரை யார் போன் பண்ணினாலும் எடுக்க மாட்டோம்.

அன்றைக்கு விடிந்தபோது காற்று நின்றிருந்தது. வானம் தெளிவு. போர்மேன் போன் பண்ணினார், ஹைதராபாத்காரர். என் பெயர் அவர் வாயில் நுழையாது. "சேவா பாய், ஜல்தி, பைப் ஏத்துன ட்ரெய்லர் எல்லாம் கிணத்துக்குப் போகணும்" என்று விரட்டினார். நாங்கள் இறங்கி வேலையைத் தொடங்கினோம். பாதி மணல்கூடத் தள்ளியிருக்க மாட்டேன். உப்புத் தரை பக்கம் இருந்து வெள்ளையாக ஒன்று தவழ்ந்து வந்தது. டீ ஆற்றிக் குடிக்கிற நேரத்தில் என் பக்கெட் எனக்கே தெரியவில்லை.

ஹாரன் அடித்தேன். பிக்கப் வரவில்லை. ஷவலை இறக்கித் தரையில் நிறுத்திவிட்டு மறுபடியும் அடித்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இரும்பு மேல் இரும்பு. பிறகு கண்ணாடி சிந்தும் சத்தம். ஏதோ ஒரு வண்டி தடுமாறி, பிறகு வேகம் எடுத்துப் போவது கேட்டது. எந்த வண்டி, யார் ஓட்டினார்கள் என்று இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பனிக்குள் நிற்பவர்களுக்குத் தெரியும், அந்த அமைதி காதை அடைக்கும்.

இறங்கி ஓடினேன். "மாப்ள, மாப்ள" என்று கத்தினேன். என் குரல் என் வாயை விட்டுப் போகவே இல்லை. மொபைலை எடுத்து அவன் நம்பருக்கு அடித்தேன். பனிக்குள் எங்கோ மணி அடித்தது. ரோட்டு மட்டத்தில், தரையோடு தரையாக. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். போன் பின்சக்கரத்துக்கு அடியில் கிடந்து வெளிச்சம் காட்டியது. பக்கத்தில் ஹெல்மெட். பிக்கப் நடுரோட்டில் குறுக்கே திரும்பி நின்றது. ஒரு பக்கம் அப்பளமாகியிருந்தது. முன்சக்கரம் ஒடிந்து படுத்துவிட்டது, நகர்த்தவும் வழியில்லை. நாலு இண்டிகேட்டரும் மட்டும் டிக் டிக் என்று எரிந்துகொண்டிருந்தன.

உள்ளே பார்த்தேன். ஆள் இல்லை. மண்டி போட்டு அடியில் பார்த்தேன். இல்லை. சுற்றிச் சுற்றி வந்தேன். கை கால் எல்லாம் ஈரமும் கண்ணாடித் தூளும். போர்மேனுக்கு அடித்துச் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "ஆம்புலன்சுக்குச் சொல்றேன், ஆனா இந்த ஃபாக்ல எப்ப வந்து சேரும்னு தெரியாது. தும் ரோட் சே ஹட் ஜாவ், சேவா பாய். ட்ரெய்லர் நிகல் சுகா" என்றார். ரோட்டை விட்டு விலகு, ட்ரெய்லர் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

விலகி எங்கே போவது? என் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வது? பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் இறக்குவதா? அதுவும் ஆள் கிடைத்தால்தானே. நடுரோட்டில், அந்த ஒடிந்த வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ட்ரெய்லர் வந்தால் வரட்டும் என்றுதான் உட்கார்ந்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

சட்டைப் பையைத் தடவினால் விபூதிப் பொட்டலம். அதைப் பிரித்ததும் எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். எழுந்து நின்று கத்தினேன்.

"யோவ் கருப்பா, எல்லையைக் காக்குறேன்னுதானே எங்க வீட்ல கெடாயும் சுருட்டும் வாங்கித் தின்னே? இப்ப எங்கய்யா படுத்துருக்க? காவக்காரனுக்கு என்னய்யா தூக்கம்? உனக்குச் சூடம் காட்டுனவன எங்கய்யா வச்சிருக்க? கேலி பண்ணுனது நான். என்னை எடுத்துக்க. அவன எந்தங்கச்சிட்ட கொண்டுபோய் விடு. விடலைன்னா உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

தொண்டை கிழிந்துபோகக் கத்தினேன். கடைசியில் அழுகைதான் வந்தது. அப்பா என்று சொல்லி அழுதேன். அந்த மண்ணில் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அழுது முடித்ததும் புத்தி கொஞ்சம் தெளிந்தது. பாண்டி அடிபட்டு மணலுக்குள் எங்காவது தடுமாறிக்கொண்டிருக்கலாம். ஷவலுக்குப் போய் விடாமல் ஹாரன் அடித்தால் சத்தத்தைப் பிடித்து வருவான். அதுதான் வழி. விபூதியை நெற்றியில் அப்பிக்கொண்டு, ஷவல் நின்ற பக்கம் திரும்பி நடந்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். எல்லையில் பூசை முடித்துக் கருப்பரைக் கூப்பிட்டுவிட்டால், வீடு வந்து சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. சாமி பின்னால் காவலாக வரும். வருகிறதா என்று சந்தேகப்பட்டுத் திரும்பினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய வீராப்புக்காரனும் அந்தப் பாதையில் கழுத்தைத் திருப்ப மாட்டான்.

நான் கொஞ்ச தூரம்தான் நடந்திருப்பேன். பின்னால் காலடி கேட்டது.

சரளைக்கல் நொறுங்கும் சத்தம். அவசரம் இல்லாத நடை. ஒவ்வொரு அடிக்கும் தோல் செருப்பு கிறீச்சிட்டது. நான் நடந்தால் அதுவும் நடந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. என் உடம்பில் இருக்கும் மயிரெல்லாம் எழுந்து நின்றது. பிடரியில் யாரோ மூச்சு விடுவது போல இருந்தது. சுருட்டு வாசனை வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள் என்று தெரியும். ஆனால் வரவில்லை. டீசல் வாசனையும் ஈர மண் வாசனையும்தான் வந்தன. வராததை வந்தது என்று எழுத மாட்டேன்.

யாராக இருக்கும்? பாண்டியா? பாண்டி என்றால் கூப்பிட மாட்டானா? "மச்சான்" என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா? கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்பினால் நின்றுவிடும், திரும்பினால் நின்றுவிடும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நடந்தேன். கண்ணை மூடியும் கொஞ்ச தூரம் நடந்தேன். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் அந்த வெள்ளையில். தார் போய் மணல் வந்தது, மணல் போய்க் கெட்டித் தரை வந்தது. ஷவலின் டயரில் கை பட்டபோது குழந்தை மாதிரி அதைக் கட்டிப் பிடித்தேன். ஏணியில் ஏறினேன், அப்போதும் திரும்பவில்லை. உள்ளே உட்கார்ந்து ஹாரனில் கை வைத்தேன்.

கை வைத்த அதே நேரம் ட்ரெய்லர் வந்தது. அதன் பிரேக் அலறியது. நான் உட்கார்ந்து அழுத அந்த இடத்தில், பிக்கப் மேல் அது ஏறியது. தரை அதிர்ந்து என் சீட்டுவரை வந்தது. பைப்புகள் சரிந்து உருளும் சத்தம் வெகுநேரம் ஓயவில்லை.

அப்போதுதான் திரும்பினேன். ஏணிக்குக் கீழே, டயரில் சாய்ந்து பாண்டி உட்கார்ந்திருந்தான்.

ஒரு காலில் ஷூ இருந்தது, மறு கால் வெறுங்கால். முகத்தின் கீழ்ப்பாதி முழுக்க ரத்தம். தாடை உடைந்து தொங்கியது. அவனால் பேசவோ கத்தவோ முடியாது. நான் இறங்கியதும் வாயைத் திறக்கப் பார்த்து, முடியாமல், என் காலைப் பிடித்துக்கொண்டான். என் தலைத்துண்டை அவிழ்த்துத் தாடையைத் தூக்கிக் கட்டினேன். "வந்துட்டியாடா, வந்துட்டியாடா" என்பதைத் தவிர என் வாயில் வேறு சொல் வரவில்லை.

ட்ரெய்லர் டிரைவர் ஒரு பட்டாணியர், பாகிஸ்தான் பக்கத்துக்காரர். நெற்றியில் சின்னக் காயத்தோடு தப்பித்து, எங்கள் ஹாரனைக் கேட்டு வந்து சேர்ந்தார். மூடுபனியில் அங்கே எல்லோரும் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார்கள். முன்னால் மின்னும் வண்டியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போவார்கள். பிக்கப்பின் லைட்டைப் பார்த்து, ஓடுகிற வண்டி என்று நினைத்து நம்பி வந்திருக்கிறார். பாண்டியைப் பார்த்ததும் அந்தப் பெரிய உடம்பு குலுங்கி அழுதது. "பாய், மாஃப் கரோ", மன்னித்துவிடு என்று என் கையைப் பிடித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்குக் கோபத்தை எல்லாம் நான் ஒரே இடத்தில் செலவழித்துவிட்டேன்.

வெயில் ஏறிப் பனி விலகிய பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஊருக்குப் போன் போட்டேன். லட்சுமி நான் சொன்ன எதையும் நம்பவில்லை. "அவர்ட்ட குடுண்ணே. மறைக்காத" என்றாள். அவனுக்குப் பேச முடியாது என்றேன். "பேச வேணாம். சும்மா குடு." போனை அவன் மூக்கருகில் வைத்துப் பிடித்தேன். அவன் மூச்சு விட்டான். கண்ணீர் காதோரம் வழிந்தது. வெகுநேரம் கழித்து அவள், "கேக்குதுண்ணே. போதும்" என்று வைத்துவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மற்றவர்கள் போல நிம்மதியாகச் சாட்சி சொல்லியிருப்பேன். பின்னால் வந்தது பாண்டிதான், நான் பயந்தாங்கொள்ளி, அதைச் சாமி என்று நினைத்துத் திரும்பாமல் நடந்தேன், திரும்பியிருந்தால் அவனைக் கட்டிப் பிடித்து அங்கேயே உட்கார்ந்திருப்பேன், இருவரும் ட்ரெய்லருக்கு அடியில் போயிருப்போம். அப்படித்தான் நானும் நினைத்து, அதற்கே கருப்பரைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கம்பியை எடுத்த பிறகு ஒருநாள் ரூமில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பாண்டி, டம்ளரைக் கீழே வைத்தான்.

"மச்சான், அன்னிக்கு உங்க கூட வந்தது யாரு?"

"எவன்டா வந்தான்? நீதானே பின்னாடி வந்த?"

"நான் உங்களப் பாக்கவே இல்ல மச்சான். தூக்கி வீசுனதுல மணலுக்குள்ள கெடந்தேன். நீங்க சாமியத் திட்டுறது கேட்டுச்சு, அதுலதான் முழிப்பு வந்துச்சு. தவந்து ரோட்டுக்கு வர்றப்ப நீங்க இல்ல. முன்னாடி ஒரு காலடி போய்க்கிட்டு இருந்துச்சு. தோல் செருப்பு. கிறீச்சு கிறீச்சுன்னு. அதப் புடிச்சுத்தான் வந்தேன். நான் தடுமாறி உக்காந்தா, அதுவும் நின்னுச்சு."

நான் அன்றைக்குப் போட்டிருந்தது கம்பெனி ஷூ, ரப்பர் அடிப்பாகம். பாண்டி ஒரு ஷூவோடு நொண்டி வந்தவன். எனக்குக் கேட்டது நொண்டாத நடை. நான் அவனிடம் அதைச் சொல்லவில்லை. கஞ்சியைக் குடிடா என்றேன்.

எங்கள் சைட்டில் ஒரு மதுரை என்ஜினியர் இருந்தார். நல்ல மனிதர், கோயில் குளம் போகிறவர்தான். அவரிடம் மட்டும் சொன்னேன். மூடுபனியில் சத்தம் திசை மாறி வரும், அதிர்ச்சியில் காது தப்பாகக் கேட்கும் என்று பொறுமையாக விளக்கினார். இருக்கலாம். நான் படித்தவன் இல்லை, அவரோடு வாதாடவும் இல்லை. இருவர் காதும் ஒரே செருப்பைத் தப்பாகக் கேட்குமா என்று கேட்க நினைத்தேன், கேட்காமல் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகும் சில குளிர்காலம் அந்த ரோட்டில் வேலை பார்த்தேன். பனி இருந்தால் ஷவலைத் தொட மாட்டேன். போர்மேன் கத்துவார், "கலாஸ், அவ்வளவுதான், மெமோ குடு" என்பேன். மெமோவும் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சூடம் நான்தான் காட்டினேன், பாண்டி சும்மா நின்று கும்பிட்டான். கேலி பேச்சு மட்டும் என்னை விட்டுப் போய்விட்டது. என்னடா சேவுகன் ஊமையாகிவிட்டான் என்று கேம்பில் கேட்பார்கள். சில காலைகளில், பனி கலைந்து வெயில் வந்த பிறகும்கூட, தனியாக நடந்தால் பின்னால் சரளைக்கல் நொறுங்கும். எனக்குப் பயம் போகவில்லை சொந்தங்களே. நன்றியும் பயமும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. சாமியை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறவன் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பாண்டி இப்போது ஊரில் இருக்கிறான். தாடை கொஞ்சம் கோணல், சிரித்தால் தெரியும். லட்சுமி அந்தக் கோணலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாப்பாட்டை மட்டும் இன்னும் குழைவாகவே வடித்துப் போடுகிறாள்.

உங்களுக்கும் ஒருநாள் வழி தெரியாமல் போகும். ஆளைத் தொலைத்துவிட்டு நிற்கும் நாள் வரும். அப்போது அழகாகக் கும்பிட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். திட்டிக் கூப்பிட்டாலும் வருகிறவர் அவர். கூப்பிட்டுவிட்டு, வந்தாரா என்று சோதிக்காமல், செய்ய வேண்டியதைச் செய்ய நடங்கள்.

இந்த மார்கழியிலும் அந்த ரோட்டில் எவனோ ஒருவன் மணல் தள்ளிக்கொண்டிருப்பான். கொடி பிடித்து ஒருவன் நின்றிருப்பான். எந்த ஊர், எந்தச் சாமி என்று எனக்குத் தெரியாது. கருப்பா, அவர்களுக்கு உன்னைக் கூப்பிடத் தெரியாமல் போனாலும், நீ பின்னால் போ.